உப்பு ஜாடியும் ஸ்டெயின்லெஸ் துப்பாக்கியும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எல்லாமே எவர்சில்வர்தான். பருப்பு டப்பா, அஞ்சறைப் பெட்டி, குடம், தட்டு, டம்ளர் எல்லாம். உப்புக்கு மட்டும் பழைய பீங்கான் ஜாடி. ஏன் என்று கேட்டால், "உப்பு டப்பாவை அரிச்சிடும்டா" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள். நான் நம்பவில்லை. வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கியபோது கல்லுப்பை ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் டப்பாவின் அடியில் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். தேய்த்துக் கழுவிப் பார்த்தால், புள்ளி இருந்த இடமெல்லாம் குண்டூசியால் குத்தியது போலக் குழி.

அதன்பிறகு இருபது வருடமாக எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் எவர்சில்வர் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. மாடிப்படிக் கைப்பிடி, கேட், ஓட்டல் மேடை, தண்ணீர்த் தொட்டி. போன மாதம் ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனிடம் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போய் அட்டையில் குறிபார்த்துச் சுடுவது அவன் பொழுதுபோக்கு. படத்தில் தோட்டா போடும் உருளையான சிலிண்டரின் மேலும் கைப்பிடி ஓரத்திலும் அதே கடுகுப் புள்ளிகள். "அண்ணா, ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தானே கூடக் காசு வாங்குனாங்க? இது எப்படித் துருப்பிடிக்கும்?"

வீடியோ காலில் அவனுக்குச் சொன்னதோடு, சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடப் படிக்கலாம். வீட்டில் இருக்கும் கத்திக்கும் கடற்கரை வீட்டுக் கேட்டுக்கும் இதில் பாதி பொருந்தும்.

தோல் ஒன்றுதான் காவல்

சாதா இரும்பில் ஈரமும் காற்றும் பட்டால் துரு வருகிறது. அந்தத் துரு பொக்கையாக, உதிரும் பொடியாக இருக்கும். உதிர்ந்தால் அடியில் உள்ள இரும்பு வெளியே வரும், அதுவும் துருவாகும். இப்படியே போய்க் கடைசியில் ஓட்டை.

அதே இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்துவிட்டால், குரோமியம் முந்திக்கொண்டு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. இந்தப் படலம் உதிராது, ஈரத்தை உள்ளே விடாது. தடிமன் சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கும் மேல் இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தோல் கீறல் பட்டாலும் காற்று பட்டதும் தானாக வளர்ந்துவிடும். எவர்சில்வரின் மொத்த சாமர்த்தியமும் இவ்வளவுதான். உள்ளே இருப்பது துருப்பிடிக்கக்கூடிய இரும்புதான்; காப்பாற்றுவது மேல்தோல்.

இந்தத் தோலைக் கண்டுபிடித்த கதையிலேயே ஒரு துப்பாக்கி இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்ற உலோக ஆய்வாளரிடம், சுட்டுச் சுட்டுத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் தேய்ந்துபோகிறதே, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். துருவைப் பற்றிப் பேச்சே இல்லை. 1913 ஆகஸ்டில் அவர் 12.8 சதவீதம் குரோமியம் போட்டு ஓர் எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் மேற்பரப்பை அமிலத்தால் கொஞ்சம் அரிக்கவிட வேண்டும். இந்த எஃகில் அமிலம் ஏறவில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் பட்டாலும் கறையில்லை. பிரியர்லி இதைக் கத்திக்காரர்களிடம் கொண்டுபோனார். ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை வைத்தவர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில்காரர். கறைபடாதது என்றுதான் பொருள். துருவே பிடிக்காது என்று அந்தப் பெயர் எங்கும் சத்தியம் செய்யவில்லை. குழலுக்காகத் தேடிய எஃகு முதலில் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது. ஸ்டெயின்லெஸ் எஃகிலேயே செய்து கடைக்கு வந்த முதல் ரிவால்வர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மாடல் 60, 1965ல்தான் வந்தது.

டம்ளரும் குழலும் ஒரே ஜாதி இல்லை

தம்பி கேட்ட அடுத்த கேள்வி இது: "எங்க வீட்டு டம்ளர் துருப்பிடிக்கலையே?"

நல்ல டம்ளர் 304 வகை. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். தோல் கெட்டி. ஆனால் உலோகம் மெத்து. சூடாக்கிக் குளிர்வித்து இறுக்க முடியாது. துப்பாக்கிக் குழலுக்கு அது ஆகாது. சாதாரண 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகலாம். உங்கள் கார் டயரில் இருப்பது 30, 35. ஆயிரம் மடங்கு. ஆகவே துப்பாக்கிக்குச் சூடாக்கி இறுக்கக்கூடிய வகைகளை எடுக்கிறார்கள். 410, 416, 17-4 என்பவை அடிக்கடி காதில் விழும் எண்கள்.

குழலுக்குப் பெரும்பாலும் 416. இதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். தோல் வளரத் தேவையான எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. அதோடு வேண்டுமென்றே கந்தகம் வேறு சேர்க்கிறார்கள். லேத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்: கந்தகம் இருந்தால் வெட்டி வரும் உலோகச் சுருள் நீளமாகப் போய் டூலில் சிக்காமல், துண்டுதுண்டாக உடைந்து விழும். நீளமான குழலைத் துளைத்து, உள்ளே சுருள் வரி வெட்டுவதற்கு அது பெரிய உபகாரம். துருவுக்கும் அது உபகாரம்தான். கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து உலோகத்துக்குள் நுண்ணிய துணுக்குகளாக உட்கார்ந்திருக்கும். அவை இருக்கும் இடத்தில் மேல்தோல் பலவீனம். குழி விழுவதென்றால் முதலில் அங்கேதான்.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். 410, 416 வகைகளில் பச்சென்று ஒட்டும். 304ல் ஒட்டாது, ஒட்டினாலும் பட்டும் படாமலும்தான். அதற்காகக் காந்தம் ஒட்டாததெல்லாம் நல்ல சரக்கு என்று பாத்திரக்கடையில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு போட்ட 200 வரிசைச் சரக்கிலும் காந்தம் ஒட்டாது. உப்புக்காற்றில் அது சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, தோலைக் கிழிப்பது எது? உப்பிலுள்ள குளோரைடு. தண்ணீர் தனியாக வந்தால் தோல் சமாளித்துக்கொள்ளும், உப்போடு வந்தால் பலவீனமான ஒரு புள்ளியில் துளை விழுகிறது. துளைக்குள் ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை, அதனால் அங்கே தோல் மறுபடி வளர முடிவதில்லை. கரைந்த உலோகம் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே அமிலத்தை உண்டாக்குகிறது. வெளியிலிருக்கும் குளோரைடு இன்னும் இன்னும் உள்ளே இழுக்கப்படுகிறது. வாய் சின்னது, வயிறு பெரியது. மேலே கடுகளவு பழுப்பு தெரிந்தால் அடியில் அதைவிடப் பெரிய பள்ளம் இருக்கலாம். அம்மாவின் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருந்த விஷயம் இதுதான்.

துப்பாக்கிக்கு உப்பு எங்கிருந்து வருகிறது? உள்ளங்கை வியர்வை. இடுப்பில் செருகி வைப்பவர்களுக்கு உடம்பு வியர்வை. ஹூஸ்டன் மாதிரிக் கடல் பக்கத்து ஊரில் காற்றே போதும்.

துருவைப் பார்த்தால் கை வைக்காதே

முதலில் அது என்ன துரு என்று பாருங்கள். தம்பி நேராக ஸ்க்ரப்பரைத் தேடிப் போனான். "வை கீழே" என்று சத்தம் போட வேண்டியிருந்தது.

எங்கள் பட்டறையில் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் ஒரு தடவை செய்யும் தப்பு உண்டு. எஸ்.எஸ். ஷீட் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எம்.எஸ்., அதாவது சாதா இரும்புக் குழாயை கிரைண்டர் போடுவார்கள். பொறி பறந்து ஷீட் மேல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் ஷீட் முழுக்க ஆரஞ்சுப் புள்ளி, அம்மை போட்டது மாதிரி. அது எஸ்.எஸ். துரு கிடையாது, அதன்மேல் ஒட்டிக்கொண்ட சாதா இரும்புத் துணுக்கின் துரு. கம்பி நாரால் தேய்த்தாலும் இதே கதை. நாரிலிருந்து உடையும் இழைகள் கீறல்களில் புதைந்து, நாலு நாளில் பூக்கும். துருவை எடுக்கிறேன் என்று துருவை விதைப்பது.

அடுத்தது மேலோட்டமான கறை. டீ சிந்திக் காய்ந்தது போல் லேசான பழுப்பு. தொழிலில் அதற்கு டீ ஸ்டெயின் என்றே பெயர். நகத்தால் இழுத்துப் பார்த்தால் வழவழப்பு மாறாது. பயமில்லாத சரக்கு.

பயப்பட வேண்டியது குழி. நகமோ பல்குத்தும் குச்சியோ அந்த இடத்தில் தட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் துப்பாக்கி என்று பெயர் இருந்தாலும் உள்ளே வெளியே எல்லாமே ஸ்டெயின்லெஸ் இருக்காது. குறிமுள், ஊசி, ஸ்பிரிங், திருகு போன்றவை பல துப்பாக்கிகளில் சாதா எஃகு. அது அழுது வடிக்கும் துரு பக்கத்திலிருக்கும் ஸ்டெயின்லெஸ் மேல் வழிந்து நிற்கும். தம்பியின் ரிவால்வரில் பின்பக்கக் குறியைப் பிடித்திருந்த ஊசி அப்படித்தான் இருந்தது.

எடுப்பது எப்படி

எல்லாவற்றுக்கும் முன்னால் தோட்டா. தோட்டா அடுக்கும் மேகசின் உள்ளதானால் அதை முதலில் கழற்றி, பிறகு குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து பாருங்கள். ரிவால்வரானால் சிலிண்டரை வெளியே தள்ளி, ஒவ்வொரு துளையையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். பார்த்தாகிவிட்டது என்று நினைத்தபிறகு இன்னொரு தடவை. தோட்டாக்கள் வீட்டின் வேறு அறைக்குப் போக வேண்டும். தம்பி ஆறு துளையையும் கேமராவுக்குக் காட்டும்வரை நான் அடுத்த வார்த்தை பேசவில்லை. சுட்ட துப்பாக்கியில் ஈயத்தூசி இருக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கைப்பிடிக் கட்டையைக் கழற்றுங்கள். ரப்பர் பிடியின் அடியில் வியர்வை தேங்கி, காற்றும் படாமல் கிடந்திருக்கும். மோசமான துரு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதல் சுற்றுக்கு மெல்லிய மெஷின் எண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். எண்ணெயைத் துரு மேல் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு இறங்குவது தெரியும். டீக்கறையில் பாதி இதிலேயே போய்விடும்.

போகாவிட்டால் எஃகைவிட மெத்தான உலோகத்தால் சுரண்டலாம். வெண்கல இழை பிரஷ் துப்பாக்கிக் கடைகளிலேயே கிடைக்கும். அமெரிக்காவில் பழைய கைகள் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடிக்கும்: 1982க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயம். அதில் 95 சதவீதம் செம்பு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் துத்தநாகத்தில் செம்பு முலாம். பழைய காசின் விளிம்பால் எண்ணெயோடு சேர்த்துச் சுரண்டினால் துரு பெயரும், எஃகு கீறாது. தம்பி உண்டியலைக் கொட்டி 1974ஆம் வருடக் காசு ஒன்றைத் தேடி எடுத்தான். அவன் பெண்ணுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

மூன்றாவது சுற்று அமிலம். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்போம், சேர்த்து ஒரு பிடி உப்பும் போடுவோம். பித்தளைக்குச் சரி, ஸ்டெயின்லெஸுக்கு அந்தப் பிடி உப்புதான் எமன். துருவுக்கு ஏற்றது ஆக்ஸாலிக் அமிலம். அது துருவிலிருக்கும் இரும்பைப் பிடித்துக் கரைத்து எடுத்துவிடும். இந்த அமிலம் கலந்த தேய்ப்புப் பொடிகள் கடையில் கிடைக்கின்றன. அமெரிக்காவில் பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட் பெயர்போனது. கொஞ்சம் பொடியைத் தண்ணீரில் குழைத்து, துரு உள்ள இடத்தில் மட்டும் தடவி, ஒரு நிமிடம் கழித்து மெத்தென்ற துணியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் தாராளமாக அலசுங்கள். பொடி மிச்சம் இடுக்கில் நிற்கக்கூடாது. விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தேய்க்கும்போது மேற்பரப்பின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்க்க வேண்டும். எங்கள் தொழிலில் ஹேர்லைன் பினிஷ் என்போம். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். மணல் அடித்தது போன்ற மங்கல் பினிஷாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை: அழுத்தித் தேய்த்த இடம் பளபளவென்று வழுக்கை விழுந்தது போல் ஆகிவிடும், திரும்ப வராது. வரிசை எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளோ பஃபிங்கோ வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது குற்றம், அமெரிக்காவிலும் அப்படித்தான்.

குழி இருந்தால்? மூங்கில் குச்சியின் முனையால் உள்ளே இருக்கும் பழுப்பைக் கிளறி எடுத்து, எண்ணெய் வைத்து விட்டுவிடுங்கள். குழியைச் சமன் செய்ய வேண்டுமானால் சுற்றியுள்ள உலோகத்தையெல்லாம் அந்த ஆழத்துக்குத் தேய்க்க வேண்டும். வெளியில் சின்னக் குழி அழகுக்குறைவு, அவ்வளவுதான். குழலுக்குள்ளோ தோட்டா உட்காரும் அறையிலோ குழி இருந்தால் நீங்கள் தொடாதீர்கள், சுடவும் வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஆகாதவை பற்றி. கம்பி நாரைச் சொல்லிவிட்டேன். துணி வெளுக்கும் பிளீச், டாய்லெட் ஆசிட் இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஆசிட் என்று கடையில் கொடுப்பது ஹைட்ரோகுளோரிக், பெயரிலேயே குளோரின் இருக்கிறது. நாங்கள் வெல்டிங் கறைக்குப் போடும் பிக்லிங் பேஸ்ட்டை யாராவது சிபாரிசு செய்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது, உடம்பில் பட்டால் எலும்புவரை போகும். சிட்ரிக் அமிலத்தில் முக்கி உலோகத்தின் மேல்தோலை வலுப்படுத்தும் முறை ஒன்று உண்டு, தொழிற்சாலைகளில் முறையாகச் செய்கிறார்கள். ஆனால் கந்தகம் போட்ட 416ஐ வீட்டில் பக்கெட்டில் முக்கினால் பளபளப்பு போய்க் கருத்து வரும் அபாயம் இருக்கிறது. நான் செய்யமாட்டேன்.

கருநீலமாக இருக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு மேலே சொன்ன அமிலச் சுற்று ஒத்துவராது. அந்த நீலமே ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். துருவை எடுக்கும் அமிலத்துக்குச் சிவப்புத் துரு எது, நீலம் எது என்று பேதம் தெரியாது. இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். ஸ்டெயின்லெஸில் இந்தக் கவலை கிடையாது, அதில் வண்ணமே இல்லையே.

எடுத்தபின்

அலசியதும் ஹேர் டிரையரால் இடுக்கு இடுக்காக உலர்த்துங்கள். ஒரு நாள் காற்றாட வைத்தால் நல்லது. சுத்தமான உலோகம், காற்று, நேரம்: மேல்தோல் வளர இவை போதும். அதன்மேல் எண்ணெய், துடைத்தபின் விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் அளவுக்கு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாவட்டத்தில் காறிப் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 கையில் இருக்கிறதே என்பார்கள். 1953ல் ஏவுகணை வேலைக்காக உண்டாக்கிய சரக்கு அது. பெயரில் இருக்கும் இரண்டெழுத்துக்கு நீரை விலக்குதல் என்று பொருள், 40 என்பது நாற்பதாவது முயற்சி. நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை விரட்டக் கெட்டிக்காரன். மாதக்கணக்கில் காவல் காக்க வேறு எண்ணெய்தான் வேண்டும்.

பழைய சோவியத் தோட்டாக்களைச் சுடுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் அந்தக் காலத்து எரிகுமிழில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படியும், அதாவது உப்பு. எண்ணெய் உப்பைக் கரைக்காது. அன்றைக்கே வெந்நீர் விட்டு அலசி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

வைக்கும் இடமும் முக்கியம். தோலுறைக்குள் போட்டுப் பீரோவில் வைப்பது பார்க்க அழகு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனங்களும் அதில் மிச்சமிருக்கும், காற்றும் புகாது. ஸ்பாஞ்சு வைத்த பெட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பூட்டிய பெட்டிக்குள், உறையில்லாமல் ஒரு தாங்கியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே சரி.

தம்பியின் ரிவால்வர் கோடை முழுக்கத் தோலுறையிலேயே கிடந்திருக்கிறது. சிலிண்டர் மேலிருந்த கறை முதல் சுற்றிலேயே போய்விட்டது. கைப்பிடிக்கு அடியில் மூன்று குழி மிச்சம். ரப்பர் பிடியை மாட்டினால் தெரியாது. குறியைப் பிடிக்கும் அந்த ஊசி மட்டும் இரண்டே வாரத்தில் மறுபடி பழுப்பாகிவிட்டதாம். "அது ஸ்டெயின்லெஸே இல்லடா" என்றேன். சனிக்கிழமை சுட்டு வந்ததும் அதன்மேல் மட்டும் பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கிறான்.